ஒரு மூடிய அறை, ஒரு திறந்த கூடம்

செம்மொழி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் அப்பா அய்யாவுவுக்குப் புரிய வைக்கும் முயற்சி பல ஆண்டுகளாக நடந்தது. அமெரிக்காவில் ஒருவருக்கு முழங்கால் வலிக்கிறது. அவர் டாக்டரிடம் போகிறார். டாக்டர் பார்த்ததையும் செய்ததையும் எழுதி வைக்கிறார். அந்தக் குறிப்பைப் படித்து, அந்த வலிக்கு இன்ன எண், போட்ட ஊசிக்கு இன்ன எண் என்று செம்மொழி குறிக்க வேண்டும். எண் சரியாக இருந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும். மெடிக்கல் கோடிங் என்று பெயர்.

அய்யாவு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தாளுக்கு வலி வுட்டுடுச்சா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுப்பா."

"அதக்கூடத் தெரிஞ்சுக்காம என்னம்மா வேலை பாக்குற?"

அந்தத் தொழிலில் இருக்கும் யாரிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர். பெயரைச் சுமப்பவள் பிழைப்பதோ முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் முகம் தெரியாத வெள்ளைக்காரர்களின் மூலநோயைப் படித்து. மன்னார்குடிக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி முடித்தாள். சென்னையில் கோடிங் வகுப்பு. பிறகு பெருங்குடிப் பக்கம் ஒரு கம்பெனி. மூன்று பேரோடு பங்கிட்ட ஹாஸ்டல் அறையில் இளமை கழிந்தது. அந்த அறையில் கதவைச் சாத்தினாலும் தனிமை இல்லை, திறந்து வைத்தாலும் காற்று இல்லை. மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் ஒன்று அவள் படிப்புக்குப் பயந்தார்கள், இல்லையென்றால் அவள் தெருவுக்குப் பயந்தார்கள். முப்பது தாண்டியதும் வீட்டில் அந்தப் பேச்சைத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். அதுவே தனக்குக் கிடைத்த முதல் விடுமுறை என்று அவள் சொல்வாள்.

கொரோனா வந்தது. ஊரெல்லாம் செத்துக்கொண்டிருந்த காலத்தில் செம்மொழிக்கு உயிர் வந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள், அடுப்படி மூலையில் மேசை போட்டு வேலை பார்த்தாள். மிக்சி சத்தத்துக்கும் டிவி சீரியலுக்கும் நடுவே அமெரிக்கர்களின் எலும்பு முறிவுகள் ஒழுங்காக எண்ணிடப்பட்டன. எவருக்கும் குறையில்லை.

பிறகு உலகம் சரியாயிற்று. உலகம் சரியானால் கம்பெனிக்கு விதிகள் ஞாபகம் வரும். நோயாளிகளின் ரகசியம் காக்கப்பட வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்குத் தனி அறை வேண்டும். அதற்கு ஒரே கதவு, அந்தக் கதவும் சாத்தியிருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்க கேமரா ஓடும். அறைக்குள் இரண்டாவது ஆள் நுழையக் கூடாது. இதற்கு ஒத்து வராதவர்கள் சென்னைக்குத் திரும்பலாம். நியூ ஜெர்சியில் ஒருவருடைய சர்க்கரை அளவு கசியாமலிருக்க, திருவாரூர் மாவட்டத்து வாய்க்கால் கரையில் இருக்கும் கீழத்தெருவில் ஒரு கதவு தேவைப்பட்டது.

செம்மொழி கட்டுவதென்று முடிவெடுத்தாள். அறை சரியாக அமைந்தால் ஊர், அமையாவிட்டால் ஹாஸ்டல். அவ்வளவுதான் கணக்கு.

தஞ்சாவூரிலிருந்து நிதிஷ் என்ற இன்டீரியர் டிசைனர் வந்தான். பெங்களூரில் படித்தவன். காலைச் சாய்த்து நடப்பான், எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். வீட்டின் கிழக்குப் பக்கத்தில் வயலை ஒட்டிக் கிடந்த இடத்தை அப்படிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மேடம், மூளைக்கு ரெண்டு மூட் இருக்கு. ஒண்ணு குகை, இன்னொண்ணு வெட்டவெளி. ஒரே மாதிரி ரூம்ல நாள் பூரா உக்காந்தா ரெண்டுமே செத்துடும். அதனால ஃபோகஸ் ஜோன் ஒண்ணு, ஓப்பன் ஜோன் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல நல்ல கான்ட்ராஸ்ட் இருக்கணும். அதுலேர்ந்து இதுக்கு வந்தா மனசு 'டக்'குனு மாறணும்."

செம்மொழியின் அம்மா எல்லையம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "குகையில யாரு தம்பி தவம் இருக்கப் போறது?"

"உங்க பொண்ணுதாங்கம்மா."

"அவ ஏற்கெனவே அப்படித்தான் இருக்கா. அதுக்கு ஒரு கட்டடம் வேற."

நிதிஷ் சொன்னது செம்மொழிக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது; வாழ்நாளில் இரண்டில் ஒன்றுகூட இருந்ததில்லை. ஆகவே கட்டினார்கள். உள்ளே இருப்பது அறை: அடர்நீலச் சுவர், அதன்மேல் ஒலியைக் குடிக்கும் பஞ்சுப் பலகை, ரப்பர் ஓரம் வைத்த கனமான கதவு, ஏசி, ஒரே விளக்கு. வெளியே இருப்பது கூடம்: மூன்று பக்கம் சுவரே இல்லை, தூண்கள் மட்டும், வெள்ளைத் தரை, நீள மேசை, எட்டுப் பத்து நாற்காலி, மூங்கில் தட்டி, எதிரே வயல். கூடத்துக்குக் கம்பிக் கதவு போடலாம் என்று நிதிஷ் சொன்னபோது அய்யாவு முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கம்பியெல்லாம் வேணாம். எங்க வூட்டுக்கு வர்ற எவனும் வெளிய நின்னு கொரல் குடுக்கக் கூடாது. நேரா வரணும், ஒக்காரணும்."

அதோடு நிதிஷ் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தான். அறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு, ஒரு முழ அகலத்தில் ஒரு கண்ணாடி. "ரெண்டு ஜோனும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கணும் மேடம்" என்றான். திரை தெரியாது, உட்கார்ந்திருப்பவர் முகம் மட்டும்தான் தெரியும் என்பதால் கம்பெனியும் ஒப்புக்கொண்டது. உள்ளே பேசினால் வெளியே கேட்காது, வெளியே பேசினால் உள்ளே கேட்காது. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குப் பேச்சு என்று பெயர் வைக்க பெங்களூரில் படித்திருக்க வேண்டும்.

இருக்கிற வீட்டோடு ஒட்டிக் கட்டியதால் தனியாகப் பால் காய்ச்சவில்லை. கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டரைப் பொருத்தி, அறையைப் படமெடுத்து, சரி என்று எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் செம்மொழியைத் தவிர யாரும் கால் வைக்கவில்லை. எல்லையம்மாள் பெருக்குவதற்குக்கூட ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூடத்தில் நடந்தது வேறு. பயிர் இன்சூரன்ஸ் பதிய வேண்டியவர்கள், முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்கள், பட்டாவில் தகப்பன் பெயர் தப்பாக விழுந்தவர்கள், மகளின் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தவர்கள் எல்லாரும் நேராக வந்து உட்கார்ந்தார்கள். மதிய இடைவேளையிலும் ஆறு மணிக்கு மேலும் செம்மொழி தன் சொந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் உட்காருவாள். எழுதித் தருவாள், திட்டுவாள், ஓடிபி கேட்பாள். நீள மேசையின் ஒரு கோடியில் எல்லையம்மாளின் உளுந்து காயும். தெருவுக்கு இப்படி ஓர் இடம் அதற்குமுன் இருந்ததில்லை.

ஆக, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் ஊருக்கே பொதுவான பெண். அந்தப் பக்கம், யாரும் நெருங்க முடியாத ஆபீசர். நிதிஷ் கேட்ட கான்ட்ராஸ்ட் நன்றாகவே அமைந்துவிட்டது. தெருவில் லேசாகப் பேச்சும் கிளம்பியிருந்தது. "பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு ஒரு பொம்பளப்புள்ள என்ன செய்யும்?" என்று ஒருத்தி கேட்டாள். "அமெரிக்காக்காரனுக்கு வைத்தியம் பாக்குதாம்" என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டு பேருமே பென்ஷன் மனுவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

தை மாதம். சம்பா அறுவடைக்கு மெஷின் அன்றைக்குத்தான் கிடைத்திருந்தது; அய்யாவுவும் எல்லையம்மாளும் வயலுக்குப் போயிருந்தார்கள். காலை பதினோரு மணி வாக்கில் அய்யாவுவின் அண்ணன் துரைராசு, மனைவி செந்தாமரையோடு வந்தார். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, மேலே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. அவர் கடைசி மகள் பூமிகாவுக்கு மாசியில் கல்யாணம். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிட்டு, இரண்டாவதைக் கூடப்பிறந்தவன் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார்.

துரைராசுவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவரும் அய்யாவுவும் இள வயதில் ஒரே பண்ணையில் ஆளாக இருந்தவர்கள். பண்ணையார் கணக்கு அறையின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கூலி கேட்டோ விதைநெல் கேட்டோ யாராவது களத்துக்குள் வந்தால், தலையை நிமிர்த்தாமல் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். வந்தவன் கால் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். வெயில் ஏறும், இறங்கும்; கை மறுபடி அசையும் வரை நிற்க வேண்டும். இதை நடித்துக் காட்டுவதில் துரைராசு கெட்டிக்காரர். காதுகுத்து, பொங்கல் என்று குடும்பம் கூடும் இடத்தில் பிள்ளைகள் "பெரியப்பா, கை காட்டுங்க" என்று மொய்க்கும். அவர் காட்டுவார், பிள்ளைகள் அப்படியே சிலையாக நிற்க வேண்டும், அசைந்தால் அவுட். செம்மொழி சின்ன வயதில் அந்த விளையாட்டில் கெட்டிக்காரி.

அந்தப் பண்ணை வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். பூமிகாவின் கல்யாணத்துக்கு துரைராசு பிடித்திருந்தது அதே மண்டபம். மன்னார்குடியில் அதைவிட நல்ல மண்டபங்கள் இருக்கின்றன என்று சம்பந்தி வீட்டார் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

அன்று செம்மொழி கிளையன்ட்டோடு கூட்டத்தில் இருந்தாள். அமெரிக்காவில் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் கேள்வி கேட்க, இவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியே பெரியப்பா தெரிந்தார். அவர் சிரித்தார். தாம்பாளத்தைச் சற்று உயர்த்திக் காட்டினார். செம்மொழியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், உள்ளங்கையை உயர்த்தினாள்.

இரண்டு நிமிடம் இருங்கள் என்று அர்த்தம். சென்னை ஆபீசில் ஒருநாளைக்கு நூறு தடவை நூறு பேர் செய்வது. யாரும் அதற்காகச் சிலையானதில்லை.

துரைராசு நின்றார். சுற்றிலும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன, உட்காரவில்லை. செந்தாமரை அவர் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னாள், அவர் அசையவில்லை. அமெரிக்கர் இன்னொரு கேள்வி கேட்டார், பிறகு இன்னொன்று. செம்மொழி மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது அங்கே வயல் மட்டும் தெரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மேசைமேல் பத்திரிகை இருக்கும் என்று நினைத்தாள். இல்லை. வைத்துவிட்டுப் போகவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொண்டுவந்த தாம்பாளத்தை, வெற்றிலை வாடாமல், பழம் குறையாமல், கீழத்தெரு முழுக்கப் பார்க்கும்படி இரு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொண்டு போயிருந்தார். வீட்டு வாசல் வரை வந்த பத்திரிகை திரும்பிப் போவது என்றால் என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாவு விழுந்த வீட்டிலிருந்துகூட அப்படிப் போவதில்லை.

வயலில் இருந்த அய்யாவுவுக்கு மெஷினுக்கு முன்னால் செய்தி போய்விட்டது. சேற்றுக் காலோடு வந்தார்.

"கையக் காட்டினியாம்மா?"

"கொஞ்சம் இருங்கன்னுதான்பா காட்டினேன்."

"வாயில சொல்லக் கூடாதா?"

"உள்ள பேசினா வெளிய கேக்காதுப்பா. அதுக்குத்தான அந்த ரூமே."

அய்யாவு பஞ்சுச் சுவரைக் கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கால் கழுவாமலே அண்ணன் வீட்டுக்குப் போனார். போனவரை துரைராசு வாசலிலேயே வரவேற்றார்.

"வாடா தம்பி. ஒம்மவளப் பாக்கணும்னா டோக்கன் வாங்கிட்டு வரணுமா, இல்ல வரிசையில நிக்கணுமா? வெவரம் கேட்டு வந்து சொல்லு."

"சின்னப் புள்ளண்ணே. தெரியாம..."

"தெரியாமயா? நாந்தானடா அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

அய்யாவு வந்த வழியே திரும்பி நடந்தார்.

மறுநாளிலிருந்து கூடம் காலி. பென்ஷன் மனுக்கள் மன்னார்குடிக்கு பஸ் ஏறிப் போயின. சொந்தக்காரர்கள் மட்டுமில்லை, தெருவே வரவில்லை. அடர்நீல அறையில் எவ்வளவு அமைதியோ அவ்வளவு அமைதி இப்போது கூடத்திலும். அந்த வாரம் பார்த்துத்தான் நிதிஷ் தன் இணையப் பக்கத்துக்குப் படம் எடுக்க வந்தான்.

"மேடம், ஆளே இல்லாம சூப்பரா இருக்கு! போன தடவை வந்தப்ப ஒரே கூட்டம், ஃபிரேமே கிடைக்கல. அந்த உளுந்த மட்டும் எடுத்துடலாமா?"

"எடுத்துக்க தம்பி. எல்லாம் போயாச்சு, அது மட்டும் எதுக்கு?" என்றாள் எல்லையம்மாள்.

படம் அருமையாக வந்தது. ஆயிரக்கணக்கானோர் விரும்பினார்கள். 'மனத்தின் இரு முகங்கள்' என்று அவன் தலைப்புப் போட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை செம்மொழி அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். துரைராசு எழுந்து நின்றார்.

"வாங்க மேடம், ஒக்காருங்க. செந்தாமரை, மேடத்துக்கு அந்த நல்ல சேரை எடுத்துப் போடு."

"பெரியப்பா, அப்படியெல்லாம் பேசாதீங்க. தப்புதான். மன்னிச்சுக்குங்க."

"நீங்க பெரிய வார்த்தையெல்லாம் சொல்லக் கூடாது மேடம். காபியா, டீயா?"

'ங்க' போட்டு ஒருவரை இவ்வளவு தூரம் தள்ள முடியும் என்பது செம்மொழிக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் அழுதாள். செந்தாமரை கணவனைப் பார்த்து, "போதும், புள்ளய ரொம்பப் படுத்தாதீங்க" என்றாள். துரைராசு தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி. பத்திரிகை வைக்கிறேன். ஆனா அந்தக் கூடத்துல இல்ல. உள்ள, அந்த ரூமுக்குள்ள வந்து ஒக்காந்துதான் வைப்பேன்."

"தாராளமா வாங்க பெரியப்பா. இன்னிக்கே வாங்க. இன்னிக்கு எனக்கு லீவுதான்."

"பண்ணையிலயும் அப்படித்தாம்மா. அவங்க தோதுக்கு நாம போவணும்." காலண்டரைப் பார்த்தார். "வியாழக்கெழம நாள் நல்லாருக்கு. அன்னிக்கு வர்றேன்."

செம்மொழி வீட்டுக்கு வந்ததும் மேலாளர் மோகனப்பிரியாவுக்கு எழுதி வியாழனுக்கு விடுப்பு வாங்கினாள். அன்று கம்ப்யூட்டரை மூடிவைத்து, திரைமேல் துணி போட்டு, பெரியப்பாவை அறைக்குள் உட்கார வைத்துவிடலாம். விதியும் மீறப்படாது, மரியாதையும் குறையாது. கோணல் இல்லாத ஏற்பாடு; எல்லையம்மாள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால். மகள் தெருவுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பதைப் பொறுக்காத தாய், தண்ணீர்க் குழாயடியில் சற்றுப் பெருமையாகவே சொல்லிவிட்டாள்: "அவரு வர்றாருன்னு எம்மவ அமெரிக்கா ஆபீசுக்கே லீவு போட்டுட்டா!"

செய்தி அன்று மாலையே துரைராசுவிடம் போயிற்று. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். லீவு போட்டுவிட்டுத் திறக்கிற கதவு யாருக்கு வேண்டும்? விடுமுறை நாளில் தாசில்தார் ஆபீஸ் தரையில்கூடப் படுத்துத் தூங்கலாம்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு அவர் வந்து இறங்கினார்.

கூடம் நிறைந்தது. தெரு பின்னாலேயே வந்தது. அய்யாவு "வாங்கண்ணே, நாளைக்குன்னு..." என்று இழுத்தார். "நாளைக்கு வேற சோலி வந்துடுச்சுடா" என்றார் துரைராசு. தாம்பாளத்தோடு கண்ணாடிக்கு நேரே வந்து நின்றார். இந்த முறை சிரிக்கவில்லை, தாம்பாளத்தை உயர்த்திக் காட்டவும் இல்லை. பார்த்தார்.

உள்ளே செம்மொழி ஒரு நோயாளியின் கோப்பு நடுவில் இருந்தாள். திறந்திருப்பவற்றை மூடி, செய்ததைச் சேமித்து, வெளியேறும் காரணத்தைக் குறித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்கலாம். அதற்கு விதியில் இடம் உண்டு. மோகனப்பிரியா கொஞ்சம் முணுமுணுப்பாள், அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்கு வெளியே இருப்பவரிடம், காத்திருங்கள் என்று எப்படியாவது சொல்ல வேண்டும். சொன்னால் கேட்காது. கை ஒன்றுதான் இருக்கிறது.

அவள் அந்தக் கையைக் கதவில் வைத்துத் திறந்தாள்.

முதலில் துரைராசு, பிறகு செந்தாமரை, பிறகு பூமிகாவின் தாய்மாமன்கள், அத்தைகள், குழந்தைகள் என்று அறை கொள்ளும் மட்டும் வந்தார்கள். ஒருத்தி பஞ்சுச் சுவரை அழுத்திப் பார்த்து, "மெத்தையில்ல ஒட்டியிருக்காங்க!" என்றாள். இரண்டாவது முகத்தைக் கண்டால் படமெடுக்கும்படி அந்தக் கேமராவின் மென்பொருளை வடிவமைத்திருந்தார்கள்; அன்று அது படமெடுத்துக் களைத்திருக்க வேண்டும். துரைராசு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி சற்றுச் சுழன்றது. மேசையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். அறையை மெல்ல ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"யாருக்கோ முதுகுவலி, பெரியப்பா."

"எங்க?"

"அமெரிக்காவுல."

துரைராசு இன்னும் ஏதோ இருக்கும் என்பதுபோல நீலச் சுவரை மறுபடி பார்த்தார். கணக்கு அறைக்குள் என்ன இருந்தது என்று பண்ணையில் ஒருநாளும் பார்க்கக் கிடைக்காதவர். இத்தனை வருடமாக மனதுக்குள் அதில் நிறையச் சாமான்களை வைத்திருந்தாரோ என்னவோ.

"இவ்வளவுதானா?" என்றார்.

பத்திரிகையைக் கொடுத்தார். செம்மொழி காலில் விழுந்து வாங்கினாள். திருநீறு பூசினார், கன்னத்தைத் தட்டினார். "நல்லா குளுகுளுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்தார். எல்லாரும் ஒரே சிரிப்பும் பேச்சுமாக இருந்தார்கள். அய்யாவு அத்தனை பேருக்கும் தானே டம்ளர் எடுத்துக் கொடுத்தார். அப்படி ஒரு முகம் அவரிடம் யாரும் பார்த்ததில்லை.

பிற்பகலில் மோகனப்பிரியா அழைத்தாள்.

"செம்மொழி, யாருப்பா அவங்கள்லாம்?"

"சொந்தக்காரங்க."

"உனக்குக் கல்யாணமா? சொல்லவே இல்ல?"

"தங்கச்சிக்கு."

"ஐயோ. இங்க எங்க கையில இருந்தா அமுக்கியிருப்பேன்ப்பா. படமெல்லாம் நேரா கிளையன்ட்டுக்குப் போயிடுச்சு. வேலைய விட்டே எடுக்கச் சொன்னாங்க. நாந்தான் பேசி வச்சிருக்கேன். திங்கக்கெழம ஆபீஸ் வந்துடு. மூணு மாசத்துக்கு லீவு மட்டும் கேக்காத."

ஆக, பிழைத்தது வேலை, போனது வீடு. பெட்டி கட்டும்போது அய்யாவு வாசற்படியில் வந்து நின்றார்.

"அந்தப் பொட்டிய மூடி வச்சிட்டு கதவத் தொறந்திருக்கலாம்ல?"

"மூட ரெண்டு நிமிஷம் ஆகும்ப்பா."

"ரெண்டு நிமிஷந்தான? அண்ணன் நின்னிருப்பாரும்மா. அவரென்ன வேத்தாளா?"

செம்மொழி புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மாசியில் கல்யாணம் அதே மண்டபத்தில் நன்றாக நடந்தது. செம்மொழியால் வர முடியவில்லை. பந்தியில் இரண்டாவது வரிசையில் அதைப் பேசினார்கள். "ரூமுக்குள்ளயே போயி பத்திரிகை வச்சாரு. அப்பயும் வரல பாத்தியா?" "வருமா? அது வேற லெவலு." துரைராசு காதில் விழுந்தது. அவர் பெருந்தன்மையாகவே சொன்னார்: "அழைக்க வேண்டியது நம்ம கடமை, அழைச்சாச்சு. வர்றதும் வராததும் அவ இஷ்டம். அந்தப் புள்ளைக்கு மொதல்லேர்ந்தே ஊரு ஒத்து வராது."

அய்யாவு பக்கத்தில்தான் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். அடுத்த இலைக்குப் போனார்.

சித்திரையில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் செம்மொழிக்கு போன் வந்தது. அப்பாவின் எண், பேசியது பெரியப்பா. பின்னால் கேரம் பலகை சத்தமும் பலர் பேசும் சத்தமும் கேட்டது. கூடத்தில் இப்போது தினமும் கூட்டம்தானாம். பென்ஷன் மனுவுக்கு யாரும் வருவதில்லை, காற்றுக்கு வருகிறார்கள். துரைராசுவின் பொழுது முழுக்க அங்கேதான். கண்ணாடிக்குப் பின்னால் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பஞ்சுச் சுவர் ஈரம் உறிஞ்சுவதால் நெல்லுக்கு நல்லது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

"எப்ப வர்ற?"

"பாக்கணும் பெரியப்பா."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? எப்ப வேணா வா. வேத்து மனுசி மாதிரி யோசிக்காத. நம்ம வூடுதான்."

சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. "சரி பெரியப்பா" என்று சொல்லிவிட்டு செம்மொழி வேலைக்கு எழுந்து போனாள்.